அறிமுகமானவர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அக்கா ரங்கூன் ஆற்றோரப் படகுத்துறையான போட்டாதாங் ஜெட்டிக்கு உலாவப் போவார். உலாவுவது என்பது அவருடைய சொல். அந்த ஜெட்டியில் வேறு யாரும் உலாவி நான் பார்த்ததில்லை. மூட்டை சுமப்பவர்கள், படகுக்கு ஓடுகிறவர்கள், மீன்கூடைக்காரிகள், வெற்றிலை துப்பிக்கொண்டு சரக்குக்குக் காத்திருக்கும் லாரிக்காரர்கள் என்று எல்லோருக்கும் அங்கே ஏதாவது வேலை இருக்கும். அக்கா மட்டும் முழங்காலுக்குக் கீழே இறங்கிய சாம்பல்நிறக் கவுனும் விரித்த குடையுமாக, வேறு ஏதோ ஊரின் கடற்கரையில் இருப்பதைப் போல நிதானமாக நடப்பார். மூட்டைக்காரர்கள் அவரை இடிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள்.

பக்கத்தில், இரண்டு முழம் இடைவெளி விட்டு, ஊ ராஜு. இருவருக்கும் பின்னால் நான். கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் தனியாக நடப்பது முறையில்லை என்பதால் என்னைக் கூட்டிப் போவார்கள். அக்காவுக்கு அப்போது ஐம்பது ஆக ஒன்றிரண்டு வருஷம்தான் பாக்கி. ஊ ராஜு அவரைவிட எட்டொன்பது வயது மூத்தவர். அவர்களில் யாருடைய வயதிலும் பாதிகூட ஆகாத நான் அவர்களுக்குக் காவல்.

நான் பகோவிலிருந்து ரங்கூனுக்கு ஒரு பஸ் டிக்கெட் கவுன்டரில் வேலைக்கு வந்தவள். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் சொல்லி, அக்காவின் மூன்றாம் மாடி வீட்டில் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. அவர் தனியாக இருந்தார். கியாக்டடாவில் ஒரு பல் டாக்டரிடம் முன்மேஜையில் வேலை. வந்த முதல் நாளே எனக்கு ஒரு சாவியைக் கொடுத்தார். மறுநாள் அந்தச் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்தேன். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"உன்கிட்ட சாவி இருக்குது, சரி. ஆனா உள்ளே ஒருத்தங்க இருக்கும்போது தட்டாம வர்றது முறையில்லை, செல்வி."

"என் ரூமுக்குத்தானே அக்கா போறேன்?"

"தட்டிட்டு நில்லு. நான் வாங்கன்னு சொல்றேன். அப்புறம் வா."

அதன்பிறகு அந்த வீட்டில் இருந்த அத்தனை வருஷமும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தட்டிவிட்டு நின்றேன்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. போனை எடுத்தால் முதலில் நம் பெயரைச் சொல்ல வேண்டும். டீ ஊற்றினால் வந்தவருக்கு முதலில். ஒரு தடவை இரண்டாம் மாடிக்காரர் நன்றாகக் குடித்துவிட்டு எங்கள் கதவைத் தன் வீட்டுக் கதவென்று நினைத்து உதைத்தார். நான் பயந்து போய் ஸ்டூலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பார்த்தேன். அக்கா என்னை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்து, "முதல்ல குட் ஈவினிங் சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "குட் ஈவினிங்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் மேல்வீட்டுக் குழாய் கசிந்து அக்காவின் கட்டில்மேல் சொட்டியது. அவர் கட்டிலை நகர்த்திவிட்டு ஒரு பேசினை வைத்தார். பேசின் நிறைந்தது, கொட்டினார், மறுபடி வைத்தார். சுவரெல்லாம் பச்சை பிடித்தது. அவருக்கு இருமல் வந்தது.

"மேலே போய்ச் சொல்லலாமே அக்கா?"

"அவங்க புதுசா வந்தவங்க. யாரும் எங்களை அறிமுகம் பண்ணி வைக்கலை."

முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் நான்தான் மேலே ஏறிப் போய்ச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே ஆளை வரவழைத்தார். மழை முழுக்க அந்த ஈரத்தில் படுத்திருந்தவருக்கு மேலே இருந்தது பதினைந்து படி.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவருடைய அம்மாவிடமிருந்து. அம்மா மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவர். அவர் விட்டுப்போன ஒரு கண்ணாடி அலமாரி நிறைய, அட்டை போன இங்கிலீஷ் காதல் கதைப் புத்தகங்கள் இருந்தன. எல்லாம் அந்தக் காலத்து விக்டோரியா ராணி நாட்டுக் கதைகள். போதாததற்கு அக்காவும் பன்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் அதே மாதிரி புத்தகமாகப் பார்த்து வாங்கிச் சேர்ப்பார். பெரும்பாலான கதைகளில் கடல் வரும். கடற்கரை ஊருக்கு உடம்பு தேற ஒரு பெண் வருவாள். அங்கே ஒரு கப்பல்காரர் தொப்பியைக் கழற்றி வணங்குவார். அவர்கள் பேச ஆரம்பிக்கவே பாதிப் புத்தகம் ஆகிவிடும். அந்த நாட்டுப் பெண்கள் கடலில் குளிப்பதற்குக்கூடச் சக்கரம் வைத்த மரக்கூண்டில் உட்கார்ந்து, குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகுமாம், யார் கண்ணிலும் படாமல் அப்படியே இறங்குவார்களாம். அக்கா இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு அழகான முறை" என்றார். அதுவரை அவர் கடலைப் பார்த்ததே இல்லை. ரங்கூனில் ஆறுதான் உண்டு.

ஊ ராஜு நிஜமான கப்பல்காரர், சரக்குக் கப்பலில் சமையல்காரர். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். பெயரோடு 'ஊ' போட்டு மரியாதையாகக் கூப்பிடும் வயது வந்தும் கல்யாணம் ஆகாதவர். முப்பது வருஷமாகக் கப்பல், நடுவில் சில மாதம் கரை, கரையில் இருக்கும்போது டோபோனில் மற்ற கப்பல் ஆட்களோடு சேர்ந்து ஒரு அறை. கன்னம் வீங்கிப் பல் டாக்டரிடம் வந்தவர், முன்மேஜைக்கு அக்கா வந்ததும் அந்த வலியிலும் எழுந்து நின்றிருக்கிறார். அக்கா உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தாராம். அது அக்காவுக்குப் பிடித்துவிட்டது.

பல்லைப் பிடுங்கிய பிறகும் அவர் வாராவாரம் வந்தார். டாக்டர் ஒருநாள், "உங்க வாயில இனி நான் செய்யிறதுக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டார். ஊ ராஜு தயங்கித் தயங்கி, தன்னை அந்த அம்மாவுக்கு அறிமுகம் செய்துவைக்க முடியுமா என்று கேட்டார். பேர், வயது, எந்தப் பல் என்பதைத் தாண்டி அக்கா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அறிமுகம் ஆகாததால். டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து இவர் இன்னார், அவங்க இன்னார் என்று சொன்னார். அக்கா எழுந்து லேசாகத் தலையைக் குனிந்து, "உங்களைத் தெரிஞ்சுக்கிட்டதுல சந்தோஷம்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து எனக்கு அதை இரண்டு தடவை சொன்னார்.

ஜெட்டியில் அவர்கள் பேசிக்கொள்வது பின்னால் வரும் எனக்கு நன்றாகக் கேட்கும்.

"இன்னைக்குக் காத்து கொஞ்சம் அதிகம்."

"ஆமாங்க. மழை வரும்போல."

கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா கேட்பார். "நீங்க போற ஊர்ல எல்லாம் கடலோரமா உலாவுறதுக்கு நடைபாதை இருக்குமா?"

"துறைமுகத்தில எங்கேங்க நடைபாதை? கிரேன்தான் இருக்கும்."

அக்காவின் முகம் வாடுவது பின்னாலிருந்தே எனக்குத் தெரியும். ஊ ராஜுவுக்கும் தெரியும். உடனே, "தூரத்தில இருந்திருக்கும். நான் சமையல்கட்டை விட்டு வெளியே வந்தாத்தானே பாக்க முடியும்" என்பார்.

ஒருநாள் அக்கா கைக்குட்டையை மறந்துவிட்டு மேலே போனபோது, கீழே வாசலில் நின்று அவரிடம் நேராகவே கேட்டேன். "உங்களுக்கு இதெல்லாம் கஷ்டமா இல்லையா? நான் பின்னாடி வர்றது, ரெண்டு முழம் தள்ளி நடக்கிறது."

அவர் யோசித்துவிட்டு, பாதி பர்மியும் பாதி தமிழுமாகச் சொன்னார். "கப்பல்ல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, செல்வி. குக் அப்படிம்பாங்க. சோறு எங்கேம்பாங்க. இவங்க நான் வந்தா எழுந்து நிக்கிறாங்க. உட்காருங்கன்னு சொல்றாங்க. அதுக்காக இன்னும் நாலு முழம் தள்ளிகூட நடப்பேன்."

அக்காவின் அண்ணன் திங்கான்ஜூனில் இருந்தார். ஊ ராஜு சட்டைக்குப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு அவரிடம் போய் முறைப்படி அனுமதி கேட்டார். ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் சம்மதம் என்று பதில் வந்தது. எங்கள் சபையில் உபதேசியார் நடத்தும் வகுப்பில், பத்து வயதுப் பிள்ளைகளோடு கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து அவர் பத்துக் கட்டளைகளை, எங்கள் சபைப் பேச்சில் கற்பனைகளை, மனப்பாடம் செய்தார். பிள்ளைகள் அவருக்கு அடியெடுத்துக் கொடுப்பார்கள். அக்கா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். வருங்காலக் கணவர் தடுமாறுவதைப் பெண் பார்க்கக் கூடாதாம்.

கடலுக்குப் போகலாம் என்று சொன்னது ஊ ராஜுதான். அக்கா ஒரு மாதம் யோசித்தார். இரண்டு அறை, அக்காவோடு நான், அண்ணனுக்குச் சொல்லிவிட்டுப் போவது என்றெல்லாம் முடிவாகி, டிசம்பர் விடுமுறையில் எங்கள் கவுன்டரிலேயே மூன்று டிக்கெட் போட்டேன். பதேன் தாண்டிய மலைப்பாதையில் அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஊ ராஜு பிளாஸ்டிக் பையை நீட்டினார். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்ட அக்கா, சாவுந்தா கடற்கரை போய்ச் சேரும்வரை அவமானத்தில் அவர் பக்கமே திரும்பவில்லை.

அங்கே மணலில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஷூவைக் கழற்றவில்லை.

"இவ்வளவு பெரிசுன்னு எந்தக் கதையிலயும் போடலையே" என்றார்.

கதையில் இருந்த எதுவும் அங்கே இல்லை. டயர் ட்யூபில் மிதக்கும் குடும்பங்கள், உடுத்திய துணியோடு தண்ணீரில் விழுந்து எழும் பெண்கள், கம்பியில் குத்திய இறால், மணலில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையன்கள். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடையைப் பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. எதிரே இருந்தது கடல், பக்கத்தில் நின்றது கப்பல்காரர். மற்றதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

அப்போது காற்று குடையைப் பறித்தது. மணலில் உருண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. ஊ ராஜு இஸ்திரி போட்ட கால்சட்டையோடும் ஷூவோடும் ஓடினார். ஒரு அலை அவரைக் கவிழ்த்தது. எழுந்தார், இன்னொரு அலை. கடைசியில் கம்பி எல்லாம் வெளியே மடங்கிய குடையோடு தலையில் மண் ஒட்டத் திரும்பி வந்து, அக்காவுக்கு முன்னால் குனிந்து அதை நீட்டினார். அக்கா சிரித்தார். வாயை மூடிக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

"இவ்வளவு தூரம் வந்து தண்ணியைத் தொடாம போகலாமா?" என்றார் ஊ ராஜு. அக்கா வேண்டாம் என்று தலையை அசைத்தார். ஷூவும் காலுறையும் கழற்றும் பேச்சே இல்லை. ஊ ராஜு மறுபடியும் அலைக்குப் போய் இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளி, ஒழுக ஒழுக நடந்து வந்து நாற்காலிக்கு முன் மண்டியிட்டார். அவர் உள்ளங்கையில் மிச்சமிருந்த தண்ணீரில் அக்கா ஒரு விரலை வைத்தார். விரலை உடனே எடுக்கவில்லை. நான் இறால்காரியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் ஊ ராஜு விஷயத்தைச் சொன்னார். கம்பெனியிலிருந்து போன் வந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏற வேண்டும். ஒன்பது மாதம். இந்த வயதில் வேண்டாம் என்று சொன்னால் இனி கூப்பிட மாட்டார்கள். இந்த ஒரு தடவை போய் வந்தால் டோபோன் அறையை விட்டு ஒழுங்கான வீடு பார்த்துவிடலாம்.

"நாம திரும்பிப் போறப்ப பதேன்ல பஸ் மாறும்ல" என்று மெதுவாக ஆரம்பித்தார். "அங்கே கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுடலாமாங்க? செல்வி ஒரு சாட்சி. இன்னொருத்தர் அங்கேயே கிடைப்பாங்க. சர்ச்சுக் கல்யாணம் நான் வந்ததும் வச்சுக்கலாம்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அது பதிவுங்க. கல்யாணம் இல்லை."

"தெரியும். ஆனா நான் போறப்ப..."

"ஒன்பது மாசம்தானே? முதல்ல ஞானஸ்நானம். அப்புறம் மூணு ஞாயிறு கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும். அப்புறம் கல்யாணம். அந்த வரிசையிலதான்."

"எனக்கு அறுபது ஆகப் போகுதுங்க."

"எனக்கும்தான் அம்பது ஆகப் போகுது. அதுக்காக அவசரப்பட முடியுமா?"

அவர் சிரித்துவிட்டு இறால் ஓட்டை உரித்தார். உரித்ததை அக்காவின் தட்டில் வைக்க நினைத்தவர், எதிரில் நான் இருப்பதைப் பார்த்து என் தட்டில் வைத்தார். பிறகு, "டாவேயில என் அக்கா பையன் இருக்கான். எனக்குன்னு இருக்கிறது அவன்தான். அவன்கிட்டயாவது உங்களைப் பத்திச் சொல்லிடவா?" என்று கேட்டார்.

"ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடி யார்கிட்டயும் வேண்டாம்."

"சரிங்க" என்றார். பதேனில் பஸ் மாறியபோது அவர் கோர்ட் பேச்சை எடுக்கவேயில்லை. மூவரும் அல்வா வாங்கிக்கொண்டு ஏறினோம்.

அவர் கிளம்பிய அன்று அக்கா விமான நிலையத்துக்குப் போகவில்லை, கல்யாணமாகாதவள் அங்கே போய் நின்று வழியனுப்பக் கூடாதென்று. வீட்டு வாசலில் கையை நீட்டினார். ஊ ராஜு குலுக்கினார். டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நேராக நின்றுவிட்டு, உள்ளே வந்து அலமாரியின் கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த வருஷம்தான் கொரோனா தொற்று வந்தது. ஒன்பது மாதம் முடிந்தபோது கப்பலிலிருந்து யாரையும் இறக்க எந்தத் துறைமுகமும் சம்மதிக்கவில்லை. ஞாயிறு நான்கு மணிக்கு ஊ ராஜு வீடியோவில் கூப்பிடுவார், அக்கா தலை வாரிக் கவுன் போட்டு உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்து நாற்காலியில். "இன்னும் ரெண்டு மாசம் நீட்டிட்டாங்க" என்பார். பிறகு இன்னும் மூன்று. திரையில் அவர் முகம் வற்றிக்கொண்டு வந்தது. "அடுத்த துறைமுகத்தில இறக்கிடுவாங்க" என்று அவரே சொல்வார். அப்போது இரண்டு பேரும் சேர்ந்து கற்பனைகளை ஒப்பிப்பார்கள், மறந்துபோகாமல் இருக்க. அடுத்த பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நெட்டை வெட்டினார்கள், விட்டார்கள், மறுபடி வெட்டினார்கள். ராணுவத்தை எதிர்த்துத் தெருவில் தட்டுகளை அடிக்கும் சத்தத்துக்கு நடுவில் போனை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, கேட்குதா, கேட்குதா என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

"நீங்க கூப்பிட்டுப் பாருங்க அக்கா."

"பெண் முதல்ல கூப்பிடுறது நல்லா இருக்காது. வேலை இருக்கும். கூப்பிடுவார்."

மூன்றாவது ஞாயிறும் தலை வாரி உட்கார்ந்தார். நான் சமையலறைக்குப் போய் என் போனிலிருந்து கூப்பிட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை. அதை அக்காவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்படியா" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை, தானாகவே, கம்பெனி ஆபீசுக்குப் போகலாம் என்றார்.

ஆட்களைக் கப்பலுக்கு அனுப்பும் அந்த ஆபீஸ் கியாக்டடாவில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. பாதி மேஜைகள் காலி. முகக்கவசம் போட்ட ஒரு சின்னப் பெண் மட்டும் இருந்தாள். அக்கா தன் பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்லி, பர்மியில் விஷயத்தைக் கேட்டார். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள். பார்த்தாள். பிறகு திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

நான் அக்காவின் கையை இடித்தேன். "வீட்டுக்காரின்னு சொல்லுங்க" என்று தமிழில் சொன்னேன். அந்தப் பெண்ணும்கூட அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று தோன்றியது. "சம்சாரமா?" என்று அவளே கேட்டாள்.

அக்கா வாயைத் திறந்தார். மூடினார்.

"அறிமுகமானவர்" என்றார்.

"அறிமுகம்னா?"

"முறைப்படி அறிமுகமானவர்."

அந்தப் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "குடும்பத்தாருக்கு மட்டும்தான் நாங்க சொல்ல முடியும், அன்ட்டி. மன்னிச்சுக்கங்க."

அக்கா அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். கீழே தெருவரைக்கும் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, நான் மட்டும் மறுபடி மேலே ஓடினேன். நான் அவர் மகள் என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "அதை நான் எழுதிக்கலை. சும்மா காதுல வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சொன்னாள்.

ஆப்பிரிக்கா பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நின்றிருந்தது. காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கரைக்கு எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிழைக்கவில்லை. உடலை அனுப்ப வழியில்லாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள். டாவேயில் இருக்கும் அவருடைய சகோதரி மகனுக்கு அப்போதே தகவல் சொல்லியாகிவிட்டது.

அக்கா நடைபாதையில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். நான் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டார்.

"உனக்கு எப்படிச் சொன்னாங்க?"

"அவர் மகள்னு சொன்னேன் அக்கா."

"அவருக்கு மகள் இல்லையே" என்றார்.

ஸ்ட்ராண்ட் ரோடு வழியாக வீட்டுக்கு நடந்தோம். சாலையைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தவர் மூன்றாம் மாடி ஏறும்வரை விடவில்லை. விரல் பதிந்த இடம் மறுநாளும் சிவந்திருந்தது.

அவர் கறுப்பு உடுத்தவில்லை. "அதுக்கு எனக்கு உரிமை கிடையாது" என்றார். கோயிலில் ஜெபத்துக்குப் பெயர் கொடுக்கலாமே என்றேன். "அவர் இன்னும் சபையில சேரலையே." துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. யாருக்குச் சொல்லியிருந்தோம், வருவதற்கு? மூன்றாவது நாள் வேலைக்குப் போனார். அந்த மழையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றது. திங்கான்ஜூன் அண்ணனும் அந்தத் தொற்றில் போய்விட்டார். அண்ணனுக்காக அக்கா கறுப்பு உடுத்தினார். அப்போது எல்லோரும் வந்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அவர் அத்தனை பேருக்கும் டீ கொடுத்து, அத்தனை பேர் முன்னாலும் அழுதார். அவர் யாருக்காக அழுதார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

பிறகு என் கல்யாணம் வந்தது. எங்கள் கவுன்டரில் வேலை பார்த்த கோ ஜின்னும் நானும் ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். போவதற்கு முன் கோர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக்கு அக்கா வர வேண்டும் என்று கேட்டேன்.

"அது பதிவு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "அன்னைக்குப் பதேன்ல நீங்களும் அந்தப் பதிவைப் பண்ணியிருந்தா..."

"பண்ணியிருந்தா? அவர் திரும்பி வந்திருப்பாரா?"

"உங்களுக்காவது தெரிஞ்சிருக்கும்ல. கம்பெனிக்காரன் முதல்ல உங்ககிட்டதானே சொல்லியிருப்பான்."

"மூணு வாரம் முன்னாடி தெரிஞ்சிருக்கும்" என்றார் அக்கா. "அந்த மூணு வாரம் நான் நல்லாத் தூங்கினேன், செல்வி. ஞாயித்துக்கிழமைக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் சாட்சிக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் வந்தபோது, கோ ஜின்னை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார். கோயில் கல்யாணம் ஆகாமல் இருவரும் தன் வீட்டில் ஒரே அறையில் தங்குவது சரியாக இருக்காது என்று, என் முகத்தைப் பார்க்காமல், மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த வாரமே வேறு இடம் போனோம்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் மட்டும் சொல்லிக்கொள்ளப் போனேன். தட்டினேன். "வாங்க" என்ற குரல் வர நேரமாயிற்று. அக்கா இளைத்திருந்தார். கரண்ட் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தோம். பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார் என்றார். மேல்வீட்டுக்காரர்களும் போய்விட்டார்களாம். ஆஸ்பத்திரி, விலைவாசி எல்லாம் பேசினோம். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"சாவுந்தாவில கிளம்புற அன்னைக்குக் காலையில நீ டிக்கெட் விஷயமா பஸ் புறப்படுற கேட்டுக்குப் போயிருந்தே."

"ஆமா. சீட் மாத்தப் போனேன்."

"அவரும் நானும் கரையில நின்னுக்கிட்டிருந்தோம். கூட யாரும் இல்லை. அந்த ஒரு தடவைதான் அப்படி." டீக் கோப்பையைச் சாசரில் வைத்தார். "அவர் கடலைப் பார்த்துக்கிட்டே என்னவோ சொன்னார். அவ்வளவு பேசுறவர் இல்லை அவர், உனக்கே தெரியும். அன்னைக்கு ரொம்ப நேரம் பேசினார். அலைச் சத்தத்தில எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கலை."

"திருப்பிக் கேக்கலையா?"

"ஒருத்தர் அவ்வளவு நேரம் பேசி முடிச்சப்புறம் என்ன சொன்னீங்கன்னு கேட்டா, மனசு என்ன பாடுபடும்? போன்ல கேக்கலாம்னு பார்த்தேன். பக்கத்தில நீ உட்கார்ந்திருப்பே. ஊருக்கு வந்ததும் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

நான் அவர் கையைத் தொட்டேன். அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் தலையாட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எதுக்குத் தலையாட்டினேன்னு எனக்குத் தெரியாது, செல்வி."

கெட்டிலைத் தூக்கிப் பார்த்தார். காலியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் டீ போடுகிறேன் என்று எழுந்து, இருட்டிக்கொண்டு வந்த சமையலறைக்குள் போனார்.